அந்தமான்ல ரெண்டு எடத்துல ஸ்நார்க்லிங் போனோம், எது காசுக்கு தகும்னு சொல்றேன்

போன பொங்கல் லீவுல குடும்பத்தோட அந்தமான் போயிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரரு, ஆறாவது படிக்கிற பையன், கூட எங்க அத்தை. திரும்பி வந்ததுல இருந்து தர்மபுரில யாரை பாத்தாலும் ஒரே கேள்விதான், கடலுக்குள்ள எறங்கினீங்களாமே, பயமா இல்லையா, எவ்வளவு ஆச்சுன்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டு இருக்கறதுக்கு ஒரேடியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். ஹேவ்லாக் தீவுல ஒரு தடவை, நீல் தீவுல ஒரு தடவைன்னு ரெண்டு தடவை ஸ்நார்க்லிங் பண்ணோம், அதாவது மாஸ்க்கும் மூச்சு விட ஒரு குழாயும் மாட்டிக்கிட்டு தண்ணி மேல கவுந்து மிதந்துட்டே கடலுக்குள்ள பாக்கறது. முதல் தடவை காசும் போச்சு, மனசும் கஷ்டமாச்சு. ரெண்டாவது தடவை பாத்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. ரெண்டும் ஒரே கடல்தான், கூட்டிட்டு போன ஆளுங்கதான் வேற. அதனால கடலை பத்தி எழுதறதை விட அந்த ஆளுங்க என்ன பண்ணாங்கன்னு எழுதினாதான் போறவங்களுக்கு பிரயோஜனமா இருக்கும்.

நம்ம பக்கம் கடல் கெடையாது. தண்ணின்னா ஒகேனக்கல் பரிசல், இல்லன்னா கேஆர்பி டேம், அதுவும் இல்லன்னா தோட்டத்து கெணறு. நான் பொறந்தது பாலக்கோடு பக்கத்துல ஒரு கிராமம், முதுகுல காலி எண்ணெய் கேனை கட்டி எங்க அப்பா கெணத்துல தள்ளி விட்டுதான் நீச்சல் கத்துக்கிட்டேன், அதனால எனக்கு தண்ணி பயம் கெடையாது. வீட்டுக்காரருக்கு சுத்தமா நீச்சல் தெரியாது, ஒகேனக்கல்ல பரிசல் ஒரு சுத்து சுத்தினாலே என் கையை புடிச்சுக்குவாரு. ஆனா கடைசில நல்லா பண்ணது அவருதான், அதை அப்புறம் சொல்றேன்.

போற வழி நம்ம ஊருக்கு சென்னையை விட பெங்களூருதான் வசதி. ராத்திரி ஒரு மணிக்கு கார்ல கெளம்பினா காலைல ஃப்ளைட், ரெண்டரை மணி நேரத்துல போர்ட் பிளேர், அதுக்கு 2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தியாச்சு. ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் 2018லயே ஸ்வராஜ் தீப், ஷாஹீத் தீப்னு மாத்திட்டாங்க, கப்பல் டிக்கெட்ல அந்த பேர்தான் வரும், பாத்து குழம்பாதீங்க. அங்க தமிழ் பேசறவங்க நெறைய, பாஷை பிரச்சனையே இல்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, ஜனவரில காலைல அஞ்சே முக்காலுக்கெல்லாம் விடிஞ்சிடுது, சாயந்திரம் அஞ்சேகாலுக்கு சூரியன் போயிடுது, அதனால சாப்பிட்டு தூங்கி எந்திரிச்சு மத்தியானமா போலாம்னு நெனச்சீங்கன்னா பாதி நாள் போயிடும்.

முதல்ல ஹேவ்லாக். அங்க எலிஃபன்ட் பீச்னு ஒண்ணு இருக்கு, போட் ஜெட்டில (படகுத்துறைல) இருந்து ஸ்பீட் போட்ல அரைமணி நேரத்துக்குள்ள போயிடலாம், காட்டு வழியா நடந்தும் போறாங்க. கரையில பெரிய பெரிய மரமெல்லாம் வேரோட சாஞ்சு வெள்ளை எலும்பு மாதிரி கெடக்குது, 2004 சுனாமில விழுந்ததுன்னாங்க. போட் டிக்கெட்டோட கொஞ்ச நேரம் ஸ்நார்க்லிங் ஃப்ரீன்னு சொல்லித்தான் ஏத்தினாங்க. எறங்கினதும் ஒரு பையன் வந்தான், மாஸ்க்கை தலையில மாட்டி குழாயை வாயில திணிச்சு, ரப்பர் டியூப்பை புடிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு ஒரே டியூப்ல எங்க மூணு பேரையும் கோத்து இழுத்துட்டு போயிட்டான். எப்படி மூச்சு விடணும், தண்ணி உள்ள வந்தா என்ன பண்ணணும், ஒரு வார்த்தை சொல்லல. நான் கண்ணாடி போடறவ, மைனஸ் நாலு. கழட்டி பையில வைங்கன்னுட்டாங்க, சரின்னு வெச்சேன், தண்ணிக்குள்ள பாத்தா எல்லாம் கலங்கின சாயத்தண்ணி மாதிரி தெரிஞ்சுது, மீன் எது கல்லு எதுன்னு தெரியல. வீட்டுக்காரரு ரெண்டு மடக்கு உப்புத்தண்ணி குடிச்சிட்டு கையை கையை ஆட்டறாரு, அந்த பையன் பாக்கவே இல்ல, ரொட்டியை பிச்சு தண்ணில போட்டு மீனை கூப்பிட்டு ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துது. ஆழம் கம்மியா ஒரு எடத்துக்கு கொண்டு போய், இங்க நில்லுங்க அக்கா, குடும்பமா ஒரு ஃபோட்டோன்னான். நின்னேன். கால் வெச்சதும் கீழ அப்பளம் ஒடையற மாதிரி நொறுக்குனு ஒண்ணு ஒடஞ்சுது. உள்ளங்காலு கீறி ரத்தம் வந்துச்சு, பையனுக்கும் முட்டில கீறல். கல்லுன்னு நெனச்சுட்டேன். அது உயிரோட இருக்கிற பவளம்னு ரெண்டு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. மொத்தம் பன்னெண்டு நிமிஷம், வீட்டுக்காரரு வாட்ச்ல பாத்தாரு. கரைக்கு வந்ததும் இன்னும் உள்ள போகணும்னா தனி காசுன்னு பேரம் ஆரம்பிச்சாங்க, ஃபோட்டோவுக்கும் தனி காசு. நாங்க வேணாம்னுட்டோம்.

இனிமே கடல் பக்கமே வரமாட்டேன்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. நீல் தீவுக்கு போனதே அத்தைக்காகத்தான், கண்ணாடி அடி போட்ட போட்ல ஏத்தி காட்டலாம்னு. நீல் சின்ன தீவு, ஜெட்டில எறங்கி ரெண்டு எட்டு வெச்சா பரத்பூர் பீச். அந்தமானுக்கு காய்கறி நெறைய அங்க இருந்துதான் போகுதாம், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தோட்டம், அதை பாத்ததும் அத்தைக்கு ராயக்கோட்டைக்கே வந்துட்ட மாதிரி சந்தோஷம், எறங்கி கத்திரிச்செடியெல்லாம் தொட்டு பாத்துட்டுதான் வந்தாங்க.

பீச்சுக்கு போற வழியில ஒரு சின்ன கடை, ஸ்நார்க்லிங்னு போர்டு. சும்மா வெலை கேக்கலாம்னு போனேன். அங்க இருந்தவரு காசை சொல்லல, முதல்ல கேட்டது, அக்கா நீங்க கண்ணாடி போடுவீங்களா, பவர் எவ்வளவு? எனக்கு அப்பவே மனசு எறங்கிடுச்சு. உள்ள போய் ஒரு மாஸ்க் எடுத்துட்டு வந்தாரு, கண்ணாடியிலயே பவர் வெச்சது, ஓரத்துல நெயில் பாலிஷ்ல 4ன்னு எழுதியிருக்கு. இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு தெரியாது. கண்ணாடி போடறவங்க எங்க போனாலும் பவர் மாஸ்க் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா காசு கட்டாதீங்க, அவ்வளவுதான். ஆன்லைன்ல முகம் பூரா மூடற மாஸ்க் விக்கறாங்க, நான் போறதுக்கு முன்னாடி ஒண்ணு வாங்கி எங்க தோட்டத்து கெணத்துல போட்டு பாத்தேன், தாடைப்பக்கம் தண்ணி ஒழுகுது, மூக்குக்கண்ணாடியோட போட்டா காம்பு நடுவுல இடிச்சு ஒட்டவே மாட்டேங்குது, ரிட்டர்ன் பண்ணிட்டேன்.

அவங்க குடும்பம் ராமநாதபுரம் பக்கமாம், அப்பா காலத்துலயே அந்தமான் வந்துட்டாங்களாம். பேர் எழுதட்டுமான்னு கேட்டேன், வேணாம்க்கா, கூட்டம் வந்தா இப்ப மாதிரி நாலு பேர் நாலு பேரா கூட்டிட்டு போக முடியாதுன்னாரு, அதனால போடல. பிபி, ஆஸ்துமா, காதுல சீழ் இருந்தா சொல்லணும்னு ஒரு ஃபாரம் எழுதி வாங்கினாரு. இப்பவே போலாமான்னு கேட்டதுக்கு, இப்ப தண்ணி வத்துற நேரம், பவளம் மேல வயிறு ஒரசும், நாளைக்கு காலைல ஆறரைக்கு வாங்க, தண்ணி ஏறியிருக்கும்னு திருப்பி அனுப்பிட்டாரு. கையில இருக்கிற காசை வேணாம்னு சொல்ற கடைக்காரரை பாத்து ரொம்ப நாளாச்சு. ஆளுக்கு ரெண்டாயிரம், ஒன்றரை மணி நேரம், பையனுக்கு கொஞ்சம் கொறைச்சுக்கிட்டாரு. வெலை சீசனுக்கு மாறும், கேட்டுக்கோங்க.

மறுநாள் காலைல அவரேதான் கைடா வந்தாரு, நேரா ஆழத்துக்கு போகல. இடுப்பளவு தண்ணில, கீழ வெறும் மணல் இருக்கிற எடத்துல இருபத்தஞ்சு நிமிஷம் பழக்கினாரு. மாஸ்க்கை வாரை மாட்டாம முகத்துல வெச்சு மூக்கால லேசா உறிஞ்ச சொன்னாரு, கையை எடுத்தும் விழாம ஒட்டிட்டு நின்னாதான் அது நம்ம முகத்துக்கு அளவு. முடி ஒண்ணு உள்ள மாட்டினாலும் அது வழியா தண்ணி வரும்னு என் நெத்தி முடியை எல்லாம் ஒதுக்கி விட சொன்னாரு. வீட்டுக்காரருக்கு நல்ல பெரிய மீசை, முந்தின தடவை ஒழுகினதுக்கு காரணமே அதுதானாம், மீசை மேல வாஸ்லைன் தடவினதும் நின்னு போச்சு. உள்பக்கம் ஆவி புடிக்காம இருக்க ஒரு சொட்டு பேபி ஷாம்பு தேச்சு அலசி குடுத்தாரு.

குழாய்ல தண்ணி புகுந்தா என்ன பண்றதுங்கறதுதான் எல்லாருக்கும் பயம். அதுக்கு அவரு சொன்னது, அக்கா வெறகு அடுப்பு ஊதியிருக்கீங்களா, ஊதாங்குழல்ல எப்படி ஊதுவீங்க, அதே மாதிரி ஒரே மூச்சுல ப்பூன்னு ஊதுங்க, தண்ணி மேல பீச்சிட்டு போயிடும்னு. நான் சின்ன வயசுல ஊதாத அடுப்பா? முதல் தடவையே வந்துடுச்சு. எனக்கு கஷ்டமா இருந்தது வேற. கெணத்து நீச்சல்ல கையையும் காலையும் படபடன்னு அடிச்சுதான் பழக்கம், இங்க அது ஆகவே ஆகாது, மீனெல்லாம் ஓடிடும், கால் பவளத்துல படும். உப்புத்தண்ணி நம்ம கெணத்து தண்ணிய விட நல்லா தூக்கும், ஒண்ணுமே பண்ணாம கவுந்து படுத்தாலே மிதப்பீங்க, கையை பின்னாடி கட்டிக்கோங்கன்னாரு. எனக்கு கை தானா வந்து வந்து அடிக்குது. வீட்டுக்காரருக்கு நீச்சலே தெரியாததால மறக்க வேண்டியதும் ஒண்ணும் இல்ல, லைஃப் ஜாக்கெட்டோட கவுந்து படுத்தாரு, கையை கட்டினாரு, மூச்சு விட்டாரு, கட்டை மாதிரி அமைதியா மிதந்தாரு. நீச்சல் தெரியாதுன்னு தயங்கறவங்க தயவு செஞ்சு இதை நம்புங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு, என்ன ஆனாலும் காலை ஊனக்கூடாது, பயந்தா மல்லாந்து படுங்க, என் கையை புடிங்க, நிக்க மட்டும் கூடாது. அப்பதான் நான் எலிஃபன்ட் பீச்ல நின்ன கதையை சொன்னேன். அவரு திட்டல. பவளம் கல்லு இல்லக்கா, பிராணி, ஒவ்வொரு சின்ன ஓட்டைக்குள்ளயும் ஒரு உயிரு இருக்கு, அதுங்க ஒடம்புக்குள்ள பாசி குடியிருந்து சோறு ஆக்கி போடுது, கலரும் அந்த பாசி குடுக்கறதுதான்னு சொன்னாரு. மான்கொம்பு மாதிரி கிளை விட்டு வளரறது வருஷத்துக்கு 10 செ.மீ. வரைக்கும் வளருமாம், உருண்டையா இருக்கறது ஒரு செ.மீ. வளர்ந்தாலே பெருசாம். என் கால் எத்தனை வருஷத்தை நொறுக்குச்சோன்னு நெனச்சு வயிறு கலங்கிடுச்சு.

உள்ள போனோம். முதல்ல கண்ணுக்கு முன்னாடி காதுக்குதான் வந்துச்சு. தண்ணிக்குள்ள தலையை விட்டதும் எண்ணெயில கடுகு பொரியற மாதிரி சடசடன்னு ஒரு சத்தம், சுத்திலும், நிக்காம. ஒரு வகை எறா இருக்காம், கொடுக்கை சொடுக்கற சத்தமாம் அது. அதுக்கு மேல கரக் கரக்னு இன்னொண்ணு, திரும்பி பாத்தா பச்சையும் ஊதாவுமா கிளி மூக்கு வெச்ச மீன், பவளத்தை முறுக்கு மாதிரி கடிச்சுட்டு இருக்கு. பின்னாடியே புழுதியா மணலை விட்டுட்டு போகுது. பவளத்தை அரைச்சு அதை மணலாத்தான் வெளிய விடுமாம், நாம பீச்ல வெள்ளை மணல்னு உக்காந்து இருக்கோமே, அதுல ஒரு பங்கு இது போட்டதுதான். பையன் அதை கேட்டதுல இருந்து நம்பவே மாட்டேங்கறான்.

பவர் மாஸ்க்ல எல்லாம் பளிச்சுனு தெரியுது, தண்ணிக்குள்ள எல்லாமே நெசத்தை விட கிட்டயும் பெருசாவும் வேற தெரியும். மாட்டுத்தொட்டி அளவுக்கு ஒரு உருண்டை பவளம், மேல மூளை மாதிரி நெளி நெளியா கோடு. அதுக்கு பக்கத்துல மணலுக்கும் பவளத்துக்கும் நடுவுல ராட்சத சிப்பி, வாய் தொறந்து இருக்கு, அந்த உதடு இருக்கே, மயில் கழுத்து கலர்ல பச்சையும் நீலமும் மாறி மாறி, ஓரத்துல புள்ளி புள்ளியா, காஞ்சிபுரத்துல கூட அந்த கலர்ல பார்டர் பாத்ததில்ல. கைடு கையை அது மேல நிழல் விழற மாதிரி ஆட்டினாரு, தொடக்கூட இல்ல, உடனே உதட்டை உள்ள இழுத்து மூடிக்கிச்சு. நாங்க அசையாம மிதந்துட்டே இருந்தோம். கொஞ்ச நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா மறுபடி தொறந்துச்சு. அந்த நேரம் வரைக்கும் நான் மூச்சு விட்டேனான்னே தெரியல.

கோமாளி மீன் பாத்தோம், கடல் சாமந்தின்னு பூ மாதிரியே இருக்கிற ஒரு பிராணி, அதுக்குள்ள அஞ்சாறு இருந்துச்சு. எல்லாம் ஆம்பளையாதான் பொறக்குமாம், கூட்டத்துல பெருசுதான் பொம்பளையா மாறி குடும்பத்தை நடத்துமாம், அது இல்லாம போச்சுன்னா அடுத்தது மாறும். சின்ன மீனா இருந்தாலும் எங்க மாஸ்க்கை பாத்து முட்ட வந்துச்சு.

எல்லாமே அழகுன்னு சொல்ல மாட்டேன். நடுவுல ஒரு எடம் பூரா சாம்பல் பூத்து கெடந்துச்சு, மான்கொம்பெல்லாம் ஒடஞ்சு குவியலா. கடல் சூடாச்சுன்னா பவளம் அந்த பாசியை வெளிய தள்ளிடும், அப்ப வெளுத்து போயிடும், சூடு கொறையலன்னா செத்துடும். அந்தமான்ல 2010ல அப்படி பெருசா வெளுத்துச்சு, 2024ல உலகம் பூராவே வெளுத்துச்சு. அங்க மட்டும் கைடு எங்களை நிறுத்தி அந்த குவியல் நடுவுல கட்டை வெரல் அளவுக்கு புதுசா முளைச்சிருந்த ஒரு பவளத்தை காட்டினாரு. ஊதா நுனி. அதுக்குத்தான் ரொட்டி போடறதையும் கால் ஊனறதையும் பாத்தா எனக்கு கோவம் வருதுன்னு அப்புறம் கரையில சொன்னாரு.

பொம்பளைங்களுக்கு ஒரு வார்த்தை. நைட்டி, சுடிதார் வேண்டாம், துணி தண்ணில விரிஞ்சு காலை சுத்திக்கும். ஒட்டின லெக்கின்ஸ், முழுக்கை டீ-ஷர்ட் போதும், யாரும் நம்மள பாக்கறதில்ல, எல்லாரும் கீழதான் பாத்துட்டு இருக்காங்க. முழுக்கை போட்டா வெயிலுக்கும் நல்லது, முதுகும் பின்னங்காலும்தான் பொசுங்கும். சன்ஸ்கிரீன் தடவியிருந்தேன், தொடைச்சுட்டு வாங்கன்னுட்டாரு, ஆக்ஸிபென்சோன்னு ஒரு கெமிக்கல் இருக்கிற கிரீம் பவளத்துக்கு ஆகாதாம், ஹவாயில 2021ல இருந்து அதை விக்கவே தடை. அவரு எனக்கு கையை மட்டும்தான் புடிச்சாரு, அதுவும் கேட்டுட்டு. இதையும் எழுதணும்னு தோணுச்சு.

பையன் கரையில ஒதுங்கின பவளத்துண்டு ஒண்ணை பாக்கெட்ல போட்டுட்டான், ஸ்கூல்ல காட்டறேன்னு. செத்ததா இருந்தாலும் எடுத்துட்டு போகக்கூடாது தம்பி, 1972 வனவிலங்கு சட்டத்துல புலிக்கு இருக்கிற பாதுகாப்பு இதுக்கும் இருக்கு, ஏர்போர்ட்ல புடிச்சா அப்பாவுக்கு கேஸ் ஆகும்னு கைடு சொன்னதும் அவனே ஓடிப்போய் எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வந்தான்.

அத்தைக்கு கண்ணாடி அடி போட் நல்லா ஒத்து வந்துச்சு. மூட்டு வலி இருக்கறவங்க, பெரியவங்க, ஸ்நார்க்லிங் பண்ணியே ஆகணும்னு இல்ல, நல்ல வெயில் இருக்கிற நேரமா பாத்து ஏத்துங்க, மேகம் போட்டா உள்ள ஒண்ணும் தெரியாது. முக்கால் மணி நேரம் குனிஞ்சே பாத்துட்டு இருந்தவங்க, போட்காரரை பாத்து கேட்டது, ஏன் சாமி, இதையெல்லாம் யாரு நட்டு வெச்சது? அவருக்கு தமிழ் அவ்வளவா வராது, நான்தான், தானா வளர்ந்தது அத்தைன்னேன். தண்ணிக்குள்ள இருக்கிற தோட்டத்துக்கு களை எடுக்கறது யாருன்னு அடுத்த கேள்வி. கிளி மூக்கு மீனை பத்தி சொன்னேன், பாறை மேல படர்ற பாசியை அதுதான் மேஞ்சு மேஞ்சு சுத்தமா வெச்சிருக்கும்னு. அத்தை தலையாட்டிக்கிட்டாங்க.

நம்ம தமிழ்நாட்டுலயே மன்னார் வளைகுடால 21 தீவை சுத்தி பவளம் இருக்கு, 1986ல இருந்து தேசிய பூங்கா, ராமேஸ்வரம் போற நம்மூர்க்காரங்க பாலத்தை மட்டும் பாத்துட்டு திரும்பிடறோம். அடுத்த லீவுக்கு அங்கதான், போனா அதையும் எழுதறேன்.

நீல் கடையில குறைன்னு சொன்னா துணி மாத்தற ரூம் ஒண்ணே ஒண்ணு, தாழ்ப்பாள் சரியில்ல, வெளிய ஒரு ஆளை நிறுத்தி வெச்சுட்டுதான் போகணும். நல்ல தண்ணி ஒரு பக்கெட்தான் குடுப்பாங்க, தீவுல தண்ணி கஷ்டம், அது புரியுது, ஆனா தலையில உப்பு போறதுக்கு பத்தல. ஃபோட்டோ அவ்வளவா வரல, அவரு கவனம் பூரா எங்க கால் மேலயே இருந்துச்சு.